வியாழனைச் சுற்றும் நால்வர்: காதலர்களா, கடத்தப்பட்டவர்களா?

குருப்பெயர்ச்சி நெருங்கினால் போதும், வீட்டில் ராசிபலன் பேச்சு தொடங்கிவிடும். பாட்டி ஒரு பக்கம் காலண்டரைப் புரட்டுவார். பேரன் இன்னொரு பக்கம் செல்போனில் தேடிக்கொண்டிருப்பான். நமக்கு அந்தக் கிரகம் குரு. தேவர்களுக்கே பாடம் சொன்ன பிரகஸ்பதி. வியாழக்கிழமைக்குச் சொந்தக்காரர்.

அதே கிரகத்தை அண்ணாந்து பார்த்த ரோமானியர்கள் அதை ஜூபிடர் என்றார்கள். கிரேக்கர்களுக்கு அவர் ஜீயஸ். பெயர்தான் வேறு, ஆள் ஒருவரே. கையில் இடியை ஏந்திய, தேவர்களின் அரசர். அவருடைய மனைவி கிரேக்கக் கதைகளில் ஹேரா, ரோமானியக் கதைகளில் ஜூனோ. இவர்களைச் சுற்றித்தான் இந்த வாரக் கதை.

வியாழனைச் சுற்றி நான்கு பெரிய நிலவுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அயோ, யூரோப்பா, கானிமீட், காலிஸ்டோ. யார் இந்த நால்வர் என்று தேடினால், பெரும்பாலும் ஒரே வரியில் பதில் கிடைக்கும். ‘ஜீயஸின் காதலர்கள்.’

உண்மையிலேயே காதலர்கள்தானா? நால்வரின் கதையையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்!

திருட்டுப் பழி சுமந்தவர் வைத்த பெயர்

1610 ஜனவரி 7. இத்தாலியின் பதுவா நகரில், தானே செய்த தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பினார் கலிலியோ. கிரகத்துக்குப் பக்கத்தில் மூன்று சிறிய ஒளிப்புள்ளிகள். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. சில நாள்களில் நான்காவதும் தெரிந்தது. நட்சத்திரங்கள் என்றால் இப்படி இடம் மாறாதே! அவை வியாழனைச் சுற்றுகின்றன என்று அவருக்குப் புரிந்தது.

இது சின்ன விஷயமில்லை. வானத்தில் உள்ள எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. பூமியைச் சட்டை செய்யாமல் வேறொன்றைச் சுற்றும் நான்கு பொருள்கள் கண்ணெதிரே நின்றன.

அந்த மார்ச் மாதமே புத்தகம் போட்டுவிட்டார் கலிலியோ. நிலவுகளுக்கு அவர் வைத்த பெயர், ‘மெடிச்சி நட்சத்திரங்கள்’. டஸ்கனி நாட்டை ஆண்ட இரண்டாம் கோசிமோ மெடிச்சியும் அவருடைய தம்பிகள் மூவரும் சேர்த்து நால்வர். நிலவுகளும் நான்கு. கணக்கு சரியாக வந்தது. சில மாதங்களிலேயே அந்த அரசவையில் கலிலியோவுக்கு வேலையும் கிடைத்தது.

இதே நேரத்தில் ஜெர்மனியின் அன்ஸ்பாக் நகரில் இன்னொருவரும் வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சைமன் மாரியஸ். அங்கே அரசவை வானியலாளர். அந்த நிலவுகளைப் பற்றி அவர் எழுதிவைத்த முதல் குறிப்பின் தேதி 1609 டிசம்பர் 29. ‘அட, அப்படியானால் இவர்தானே முதல் ஆள்?’ என்று தோன்றும். இல்லை! அவருடைய ஊரில் அப்போதும் பழைய ஜூலியன் காலண்டர்தான் புழக்கத்தில் இருந்தது. இத்தாலிக் காலண்டர்படி அந்த நாள், 1610 ஜனவரி 8. கலிலியோவுக்குச் சரியாக ஒரு நாள் பிந்தி!

மாரியஸ் தன் புத்தகத்தை வெளியிட்டது 1614-ல்தான். கலிலியோ கொதித்துப்போனார். மாரியஸின் மாணவர் ஒருவர் ஏற்கெனவே கலிலியோவின் நூலைத் திருடித் தன் பெயரில் வெளியிட்டு மாட்டிக்கொண்டவர். அந்தப் பழைய கோபமும் சேர்ந்துகொண்டது. 1623-ல் வெளியிட்ட நூலில், மாரியஸ் தன் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார் என்றும், பழைய காலண்டரைக் காட்டி ஏமாற்றுகிறார் என்றும் எழுதினார். அடுத்த ஆண்டே மாரியஸ் இறந்துபோனார். திருட்டுப் பழி மட்டும் சாகவில்லை. சுமார் 300 ஆண்டுகள் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய கணக்குகளைச் சரிபார்த்தவர்கள்தான், அவை அவரே பார்த்து எழுதியவை என்று சொன்னார்கள்.

மாரியஸும் முதலில் தன் எஜமானர் குடும்பத்தின் பெயரைத்தான் நிலவுகளுக்குச் சூட்ட நினைத்தார். அதே புத்தகத்தில் இன்னொரு யோசனையையும் எழுதிவைத்தார். 1613 அக்டோபரில் ரீகன்ஸ்பர்க் நகரில் அவரும் வானியல் மேதை கெப்ளரும் சந்தித்தபோது, கெப்ளர் விளையாட்டாகச் சொன்னது அது. ஜூபிடர் மையல்கொண்ட நால்வரின் பெயர்களையே வைத்தால் என்ன? ‘பெயர் சூட்டியதில் கெப்ளருக்கும் பங்கு உண்டு’ என்று மாரியஸே நேர்மையாக எழுதியிருக்கிறார்.

உடனே யாரும் அந்தப் பெயர்களை ஏற்கவில்லை. வியாழன் 1, வியாழன் 2 என்று எண்களால்தான் நெடுங்காலம் அழைத்தார்கள். பிறகு புதிது புதிதாக நிலவுகள் கண்டுபிடிக்கப்பட, எண்கள் குழப்பத் தொடங்கின. 20-ம் நூற்றாண்டில் மாரியஸின் பெயர்கள் மீண்டும் வெளியே வந்தன. மன்னர்களின் பெயர்கள் போயின. விளையாட்டாகச் சொன்ன பெயர்கள் நின்றன.

மண்ணில் பெயர் எழுதிய அயோ

‘அயோ’ என்று வேகமாகச் சொன்னால் நமக்கு ‘ஐயோ’ என்றுதான் கேட்கும். அவளுடைய கதைக்கு அது பொருத்தம்தான்.

அயோ, நதித் தெய்வம் இனாகஸின் மகள். ஹேராவின் கோயிலில் பூசை செய்தவள். ஜீயஸ் அவளைப் பார்த்தார். அவள் ஓடினாள். பட்டப்பகலில் பூமியை மேகத்தால் மூடி இருட்டாக்கி, அவளைத் தப்பவிடாமல் பிடித்தார். வெயில் நேரத்தில் இப்படி ஒரு மேகமா என்று சந்தேகப்பட்டு ஹேரா இறங்கி வர, நொடியில் அயோவை வெள்ளைப் பசுவாக மாற்றிவிட்டார் ஜீயஸ். ‘அழகான பசு, எனக்குக் கொடுங்கள்’ என்றாள் ஹேரா. மறுத்தால் மாட்டிக்கொள்வார். கொடுத்துவிட்டார்!

பசுவுக்குக் காவல், 100 கண்கள் கொண்ட ஆர்கஸ். ஒருநாள் அயோ தன் தந்தையின் ஆற்றங்கரைக்கே மேய வந்தாள். மகள் என்று தெரியாமல் தந்தை புல் கொடுத்தார். பேச வாய் திறந்தாள், ‘அம்மா’ என்ற மாட்டின் கதறல்தான் வந்தது. கடைசியில் குளம்பால் மண்ணில் எழுதிக் காட்டினாள். தந்தை படித்தார். மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் இந்தக் காட்சியைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பிறகு ஆர்கஸ் கொல்லப்பட்டான். அவனுடைய 100 கண்களையும் எடுத்துத் தன் மயிலின் தோகையில் பதித்தாள் ஹேரா. அயோவின் மீது ஒரு மாட்டு ஈயை ஏவிவிட்டாள். அது கொட்டக் கொட்ட, உலகமெங்கும் ஓடினாள் அயோ. அவள் கடந்த நீரிணைக்குத்தான் ‘பாஸ்பரஸ்’ என்று பெயர். மாடு கடந்த துறை என்று பொருள். இஸ்தான்புல் நகரின் நடுவே இன்றும் அது இருக்கிறது. கடைசியில் எகிப்தில்தான் அவளுக்கு மீண்டும் பெண் உருவம் கிடைத்தது.

வானத்து அயோவுக்கும் நிம்மதி இல்லை. நம் நிலாவைவிடக் கொஞ்சம் பெரியது. வியாழனிலிருந்து 4.22 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நம் நிலா பூமியை ஒருமுறை சுற்ற 27 நாள்கள் ஆகின்றன. அயோவுக்கு 42 மணி நேரம்தான். ஒரு பக்கம் வியாழனின் அசுர ஈர்ப்பு விசை. மறுபக்கம் யூரோப்பாவும் கானிமீடும் விடாமல் இழுக்கின்றன. சப்பாத்தி மாவைப் பிசைவது போல அயோவின் உடல் ஓயாமல் பிசையப்படுகிறது. அந்த உராய்வில் உள்ளே பாறை உருகுகிறது.

இப்படி நடக்கலாம் என்று மூன்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு 1979 மார்ச்சில் கட்டுரை வெளியிட்டார்கள். சில நாள்களிலேயே வாயேஜர் 1 விண்கலம் அயோவைக் கடந்தது. அது அனுப்பிய படத்தில், நிலவின் விளிம்பில் குடை போல ஏதோ எழும்பி நிற்பதை நாசா பொறியாளர் லிண்டா மொராபிட்டோ கவனித்தார். எரிமலை! பூமிக்கு வெளியே எரிமலை வெடிப்பதை மனிதர்கள் பார்த்தது அதுதான் முதல்முறை. அயோவில் இன்று 400-க்கும் மேற்பட்ட எரிமலைகள் கண்டறியப்பட்டுள்ளன. சூரியக் குடும்பத்தில் இவ்வளவு கொதிக்கும் இடம் வேறில்லை.

பூப்பறிக்கப் போன யூரோப்பா

யூரோப்பா, ஃபினீசிய நாட்டு இளவரசி. இன்றைய லெபனான் கடற்கரை அவளுடைய ஊர். தோழிகளோடு பூப்பறித்துக்கொண்டிருந்தபோது, மந்தையில் ஒரு வெள்ளைக் காளை வந்து நின்றது. சாதுவாக இருந்தது. தடவிக்கொடுத்தாள், கொம்பில் மாலை சுற்றினாள், முதுகில் ஏறி உட்கார்ந்தாள். காளை மெல்லக் கடலில் இறங்கியது. திரும்பிப் பார்த்தபோது கரை தூரத்தில் போயிருந்தது. காளை வேறு யார், ஜீயஸ்தான்! கிரீட் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

‘தங்கையில்லாமல் வீட்டுக்குத் திரும்பாதே’ என்று சொல்லி அனுப்பப்பட்டான் அண்ணன் காட்மஸ். கடைசி வரை அவளை அவன் கண்டுபிடிக்கவில்லை. அதனால் வீட்டுக்கும் திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் பெயர்தான் ஐரோப்பாக் கண்டத்துக்கு வந்தது என்பது கிரேக்கர் சொல்லும் கதை. கிரேக்க நாட்டின் 2 யூரோ நாணயத்தில், காளை மேல் யூரோப்பா உட்கார்ந்திருக்கும் காட்சி இன்றும் இருக்கிறது. காசைப் புரட்டும் எத்தனை பேருக்கு அது ஒரு கடத்தல் காட்சி என்று தெரிந்திருக்கும்?

நிலவான யூரோப்பாவின் மேல் முழுக்கப் பனிக்கட்டி ஓடு. அதற்குக் கீழே, பூமியின் கடல்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைப்போல இரு மடங்கு நீர் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். நீர் இருந்தால் உயிர் இருக்குமோ என்ற கேள்வி வரத்தானே செய்யும்?

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1995-ல் வியாழனை அடைந்த கலிலியோ விண்கலத்தின் எரிபொருள் சில ஆண்டுகளில் தீரும் நிலைக்கு வந்தது. அப்படியே விட்டால், என்றாவது ஒருநாள் அது யூரோப்பாவில் மோதலாம். பூமியிலிருந்து அதில் ஒட்டிப்போன கிருமிகள் அங்குள்ள கடலைக் கெடுத்துவிடலாம். அதனால் 2003 செப்டம்பர் 21 அன்று, விண்கலத்தை வியாழனுக்குள்ளேயே செலுத்தி எரியவிட்டது நாசா. கதையில் யூரோப்பாவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. இந்த முறை, அவளைத் தொடாமல் இருப்பதற்காகவே ஒரு விண்கலம் தன்னை அழித்துக்கொண்டது.

2024 அக்டோபர் 14 அன்று யூரோப்பா கிளிப்பர் என்ற அடுத்த விண்கலம் கிளம்பியது. 2030-ல் போய்ச் சேரும். இதுவும் தரையிறங்காது. 49 முறை அருகில் பறந்து பார்த்துவிட்டு விலகிப்போகும். அதில் ஒரு சின்ன சிப் பொருத்தப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து பதிவுசெய்த 26 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. மண்ணில் குளம்பால் தன்னை எழுதிக் காட்டிய அயோவுக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவாள்.

குதிரைக்கு ஈடான கானிமீட்

நால்வரில் ஒருவன் ஆண்பிள்ளை. கானிமீட், ட்ராய் நகரத்து இளவரசன். பேரழகன். ஜீயஸ் கழுகாக வந்து தூக்கிக்கொண்டு போனார். ஒலிம்பஸ் மலையில் தேவர்களுக்குப் பானம் ஊற்றிக்கொடுப்பது அவனுடைய வேலையானது. மகனைக் காணாமல் அழுத தந்தைக்கு ஜீயஸ் என்ன கொடுத்தார் தெரியுமா? உயர்ந்த ஜாதிக் குதிரைகள்! மகனுக்குப் பதிலாகக் குதிரை. தந்தை சமாதானமாகிவிட்டார் என்கிறது கதை. கானிமீடின் மனதில் என்ன இருந்தது என்பதை மட்டும் கதை சொல்லவில்லை.

குடத்தோடு நிற்கும் கும்ப ராசி உருவம் கானிமீட்தான் என்றும் கிரேக்கர்கள் சொன்னதுண்டு.

சூரியக் குடும்பத்திலேயே மிகப் பெரிய நிலவு கானிமீட். குறுக்களவு 5,268 கிலோமீட்டர். புதன் கிரகத்தைவிடப் பெரியது. சூரியனைச் சுற்றியிருந்தால் இதையும் கிரகம் என்றே சொல்லியிருப்பார்கள். சொந்தமாகக் காந்தப்புலம் கொண்ட ஒரே நிலவும் இதுதான். குடம் ஏந்தியவன் என்றால் தண்ணீர் இல்லாமலா? பனிக்கு அடியில் உப்புக்கடல் இருப்பதற்கான வலுவான ஆதாரத்தை 2015-ல் ஹபிள் தொலைநோக்கி கொடுத்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2023-ல் அனுப்பிய ஜூஸ் விண்கலம், 2034-ல் கானிமீடைச் சுற்றத் தொடங்கும். நம் நிலாவைத் தவிர வேறொரு நிலவை ஒரு விண்கலம் சுற்றிவருவது அதுவே முதல்முறையாக இருக்கும்.

ஒதுக்கப்பட்ட காலிஸ்டோ

வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் தோழி காலிஸ்டோ. ஆண்களை நெருங்கவிடுவதில்லை என்று சபதம் எடுத்தவள். அதனால் ஜீயஸ், ஆர்ட்டெமிஸின் உருவத்திலேயே அவளிடம் வந்தார். காலிஸ்டோ போராடினாள். முடியவில்லை. சில மாதங்கள் கழித்து, ஆற்றில் குளிக்கும்போது அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. ‘என் கூட்டத்தில் உனக்கு இடமில்லை’ என்று விரட்டினாள் ஆர்ட்டெமிஸ். குழந்தை பிறந்ததும் அவளைக் கரடியாக்கினாள் ஹேரா. ஏமாற்றியவருக்கு ஒரு தண்டனையும் இல்லை. ஏமாந்தவளுக்கு இரண்டு!

15 வருடங்கள் கழித்து, வேட்டைக்கு வந்த மகன் ஆர்கஸ் எதிரே கரடி நின்றது. (நூறு கண்ணன் வேறு, இவன் வேறு. இவனை ஆர்காஸ் என்றே வைத்துக்கொள்வோம்.) தாய் மகனை அடையாளம் கண்டுகொண்டாள். மகனுக்குத் தெரியவில்லை, ஈட்டியை ஓங்கினான். அந்த நொடியில் ஜீயஸ் இருவரையும் தூக்கி வானத்தில் நட்சத்திரங்களாக வைத்தார். அவள்தான் பெருங்கரடி விண்மீன் கூட்டம்.

நிலவான காலிஸ்டோவும் தனியாகத்தான் இருக்கிறது. கானிமீட் ஒரு சுற்று முடிப்பதற்குள் யூரோப்பா இரண்டு சுற்றும், அயோ நான்கு சுற்றும் முடித்துவிடும். மூன்றும் கும்மியடிப்பதுபோலத் தாளம் தப்பாமல் சுற்றுகின்றன. அந்த ஆட்டத்தில் காலிஸ்டோவுக்கு இடமில்லை. தள்ளி நின்று 16.7 நாள்களுக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஆனால், அதில் ஒரு நன்மை உண்டு. வியாழனின் கொடிய கதிர்வீச்சு அங்கே குறைவு. என்றாவது மனிதர்கள் வியாழன் பக்கம் போய்த் தங்கினால், அதற்கு ஏற்ற இடமாக விஞ்ஞானிகள் யோசிப்பது காலிஸ்டோவைத்தான்.

மேகத்தை விலக்கிப் பார்க்கும் மனைவி

2011 ஆகஸ்ட் 5 அன்று நாசா ஒரு விண்கலத்தை வியாழனுக்கு அனுப்பியது. பெயர், ஜூனோ! மேகத்துக்குப் பின்னால் கணவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தெரிந்தவள் ஆயிற்றே. வியாழனின் மேகங்களுக்கு அடியில் இருப்பதை ஆராயப் போகும் விண்கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அதற்குள் மூன்று லெகோ பொம்மைகளும் பயணம் செய்தன. கையில் மின்னலோடு ஜூபிடர், தொலைநோக்கியோடு கலிலியோ, பூதக்கண்ணாடியோடு ஜூனோ.

2016 ஜூலையில் அங்கே போய்ச் சேர்ந்த ஜூனோ, வியாழனோடு நிற்கவில்லை. 2021-ல் கானிமீடையும், 2022-ல் யூரோப்பாவையும், 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் அயோவையும் அருகில் போய்ப் படம் எடுத்தது. அன்று அயோ மீது மாட்டு ஈயை ஏவிய அதே ஜூனோ, 1,500 கிலோமீட்டர் தூரத்தில் நின்று அவளுடைய கொதிப்பைப் பதிவு செய்தாள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஒருத்தி ஓடினாள், பிடிக்கப்பட்டாள். ஒருத்தி கடல் கடத்தப்பட்டாள். ஒருவன் கழுகால் தூக்கப்பட்டான். ஒருத்தி தோழியின் முகத்தை நம்பி ஏமாந்தாள். இவர்களைக் ‘காதலர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியுமா? அரசனின் பக்கமிருந்து சொன்னால் அது காதல். அவர்கள் பக்கமிருந்து கேட்டால் அதற்கு வேறு பெயர். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தச் சொல்லை மட்டும் மாற்றிச் சொல்லலாமே!

வியாழன் இரவில் தெரியும் மாதங்களில், கண் சிமிட்டாமல் பளிச்சென்று ஒளிரும். சாதாரண பைனாகுலர் ஒன்று கிடைத்தால், மொட்டை மாடிச் சுவரில் கையை ஊன்றி ஆடாமல் பாருங்கள். கிரகத்தின் இரு பக்கமும் ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அந்த நால்வர்தான் அவர்கள். சில நேரம் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும்.

காலிஸ்டோவின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. அவள் நட்சத்திரமானதையும் ஹேராவால் பொறுக்க முடியவில்லை. ‘இந்தக் கரடியை ஒருநாளும் உங்கள் நீரில் இறங்கவிடாதீர்கள்’ என்று கடல் தெய்வங்களிடம் வரம் வாங்கிக்கொண்டாள். பண்டைய கிரேக்க வானில் பெருங்கரடியின் அந்த ஏழு நட்சத்திரங்களும் அடிவானத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. அதற்குக் கிரேக்கர்கள் சொன்ன காரணம் இது.

அந்த ஏழு நட்சத்திரங்களைத்தான் நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோம். கல்யாணத்தில் ‘அருந்ததி பார்’ என்று காட்டுவது இந்தக் கூட்டத்தில், வசிஷ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி நட்சத்திரத்தை. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், நம் வானில் இவை உதிக்கவும் செய்யும், மறையவும் செய்யும். ஏப்ரல், மே மாதங்களில் முன்னிரவில் வடக்கே பார்த்தால் நன்றாகத் தெரியும். பிறகு மெல்லச் சாய்ந்து இறங்கிவிடும். பருத்தித்துறைக் கடற்கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு, அவை கடலுக்குள்ளேயே இறங்கும்.

ஹேராவின் வரம் நம் ஊர்ப் பக்கம் செல்லாது. இங்கே காலிஸ்டோ தினமும் குளிக்கிறாள்!

*அடுத்த வாரம்: வேடன் ஓரியன் துரத்த, ஓடிக்கொண்டே இருக்கும் ஏழு சகோதரிகள். நம் ஊரில் அவர்கள் கார்த்திகைப் பெண்கள்!*